ஏதோ ஒரு வரிசையில்

ஆர் நிரல்மொழியில் எம்விபி என்றொரு தொகுப்பு இருக்கிறது. அதனிடம் ஒரு பல்லுறுப்புக் கோவையைக் கொடுத்துத் திரையில் காட்டச் சொன்னால், கோவையைக் காட்டுவதற்கு முன்னால் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதும். தமிழில் சொன்னால் 'இயற்கணிதப்படி இதற்குச் சமமான ஓர் எம்விபி பொருள்' என்று வரும். அதற்குக் கீழேதான் கோவை. முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. காட்டு என்றால் காட்ட வேண்டியதுதானே, எதற்கு இந்த வக்கீல் பேச்சு? 'இதுதான் அது' என்று ஏன் சொல்லாது? 'இதற்குச் சமம்' என்று ஏன் நழுவ வேண்டும்?

அந்த வரியை எழுதியவர் ராபின் ஹான்கின். நியூசிலாந்தில் ஆக்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். ஆர் மொழியும் அதே ஆக்லாந்து ஊரில் பிறந்ததுதான். ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்ற இரண்டு பேர் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துவதற்காக 1990களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கியது. பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் கூட்டாளிகளும் 1976இல் தொடங்கிய எஸ் மொழிதான் அதற்கு முன்மாதிரி. புள்ளியியல்காரர்களுக்கான மொழி. அதில் இயற்கணிதம் செய்கிறவர்கள் குறைவு. செய்கிறவர்களில் பாதி வேலையை ஹான்கின் ஒருவரே செய்து வைத்திருக்கிறாரோ என்று எனக்குத் தோன்றும்.

நான் இருப்பது வீரபாண்டி. தேனியிலிருந்து கம்பம் போகிற ரோட்டில், முல்லைப்பெரியாற்றுக் கரையில். கௌமாரியம்மன் கோயிலைச் சொன்னால் தெரியும். சித்திரைத் திருவிழாவுக்குத் தீச்சட்டியும் ஆயிரங்கண் பானையுமாக மாவட்டமே இங்கே வந்து நிற்கும். பார்வை போன வீரபாண்டிய மன்னனுக்கு இந்த ஊரில்தான் கண் திரும்பக் கிடைத்தது என்று தலபுராணம் சொல்லுவார்கள். கோயிலில் கண்ணுக்கு வேண்டிக்கொள்கிற கூட்டம் இன்றைக்கும் உண்டு. கணக்கு ஒன்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வருவது பற்றித்தான் நான் எழுதப் போகிறேன் என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன். வேறு காரணம் இல்லை.

பல்லுறுப்புக் கோவை பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். உறுப்பு, கெழு, மாறி, அடுக்கு என்று நான்கு வார்த்தை தெரிந்தால் போதும். புத்தகத்தில் எக்ஸ், ஒய், இசட் என்று இருக்கும். இங்கே க, ச, த என்று வைத்துக்கொள்வோம். 5க³ச − 2சத⁷ + 4. மூன்று மாறி, மூன்று உறுப்பு. இதைக் கணினிக்குள் எப்படி வைப்பது?

ஒரு வழி, பெட்டி அடுக்குவது. க-வின் அடுக்கு 0 முதல் 3 வரை போகலாம், நான்கு இடம். ச-வுக்கு இரண்டு இடம். த-வுக்கு எட்டு. 4 × 2 × 8 = 64 பெட்டி. அதில் மூன்றில் மட்டும் எண் இருக்கும். மிச்சம் 61 பெட்டியிலும் பூஜ்ஜியம். ஹான்கின் முதலில் எழுதிய மல்டிபோல் என்ற தொகுப்பு இப்படித்தான் வைத்தது. 2008இல் அதைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். ஆனால் த⁷ என்பது த⁷⁰⁰ ஆகிவிட்டால்? பெட்டி 5,608. நிரம்பியவை அப்போதும் மூன்றுதான்.

இன்னொரு வழி, இருப்பதை மட்டும் எழுதுவது. ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வரி. இடது பக்கம் அடுக்குகள், வலது பக்கம் கெழு.

3 1 0 = 5
0 1 7 = −2
0 0 0 = 4

அவ்வளவுதான். ஸ்ப்ரே என்ற தொகுப்பு இப்படி வைக்கிறது, கேட்டால் ஏறக்குறைய இப்படியே காட்டவும் செய்கிறது. த⁷⁰⁰ வந்தாலும் மூன்று வரிதான். பெரும்பாலான இடம் காலியாக இருக்கிற இந்த மாதிரிக் கோவைக்கு ஐதான கோவை என்று பெயர் சொல்லலாம். ஐது என்றால் நெருக்கமில்லாதது.

இதில் புதிதாக ஒன்றும் இல்லை என்று எனக்குப் பட்டது, பழைய தமிழ் எண்களைப் பார்த்த பிறகு. மூவாயிரத்து ஐந்தை இன்றைக்கு நாம் 3005 என்று எழுதுகிறோம். நடுவில் இரண்டு பூஜ்ஜியம், அதாவது 'நூறு இல்லை, பத்து இல்லை' என்று சொல்வதற்காகவே இரண்டு எழுத்து. பழைய முறையில் ௩௲௫. மூன்று, ஆயிரம், ஐந்து. இல்லாத நூறையும் பத்தையும் பற்றிப் பேச்சே கிடையாது. அது ஐதான முறை, இது பெட்டி முறை. இட மதிப்பும் பூஜ்ஜியமும் வந்து கூட்டல் பெருக்கலை எளிதாக்கியது உண்மைதான். ஆனால் வாயால் சொல்லும்போது இன்றைக்கும் யாரும் 'மூவாயிரம், நூறு இல்லை, பத்து இல்லை, ஐந்து' என்று சொல்வதில்லை.

பாஸ்கரர் 1150 வாக்கில் எழுதிய பீஜகணிதத்தில் இதற்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. அங்கே முதல் மாறிக்கு 'யா' என்று பெயர், யாவத்தாவத் என்பதன் சுருக்கம். அடுத்த மாறிகளுக்கு நிறங்கள். 'கா' கறுப்பு, 'நீ' நீலம், 'பீ' மஞ்சள். வர்க்கத்துக்கு 'வ', மாறி சேராத எண்ணுக்கு 'ரூ'. கழித்தல் எண்ணுக்குத் தலையில் ஒரு புள்ளி. சமன்பாட்டின் இரண்டு பக்கத்தையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுவார்கள். ஒரு பக்கத்தில் 'யா' இல்லையென்றாலும் 'யா 0' என்று எழுதி வைப்பார்கள். காரணம் ரொம்ப நடைமுறையானது. பத்தி பத்தியாகக் கழிக்க வேண்டும், எண்ணுக்கு நேர் எண் நிற்க வேண்டும். பூஜ்ஜியம் அங்கே இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிற துண்டு மாதிரி. பஸ்ஸில் ஜன்னல் வழியாகப் போடுவோமே, அது.

இப்போது அப்பா.

அப்பா சின்னமனூரில் ஒரு வாழைக்காய் கமிஷன் கடையில் 26 வருஷம் கணக்குப்பிள்ளை. வீரபாண்டியில் பஸ் ஏறினால் உப்புக்கோட்டை விலக்கு, சீலையம்பட்டி தாண்டி அரை மணி நேரத்தில் கடை. விடியக்காலம் தார் இறங்கும்போது நாள்வழியில் எழுதுவார். யார், என்ன ரகம், எத்தனை தார். நாழிப்பூவன், செவ்வாழை, ஜி நைன், கற்பூரவல்லி என்று ஏழு ரகம். மாசக் கடைசியில் நாள்வழியிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றுவார். ஆளுக்கு, ரகத்துக்கு, மாசத்துக்கு ஒரு வரி. திரும்பிப் போன தாருக்குத் தனியாக ஒரு சின்ன நோட்டு. லாரி வராமல் காய் பழுத்துவிட்டாலோ, விலை பேசி ஒத்துவராமல் சம்சாரி வண்டியைத் திருப்பிக்கொண்டாலோ அதில் ஏறும். எல்லாவற்றையும் கார்பன் வைத்து எழுதி ஒரு படியை வீட்டுக்குக் கொண்டுவருவது அவர் பழக்கம். அம்மாவுக்கு அது பிடிக்காது. பரண் நிறைந்துவிட்டது என்பாள்.

2019 சித்திரையில் முதலாளியின் மகன் கடையில் கம்ப்யூட்டர் வைத்தார். முந்தைய மாத நாள்வழியைத் தட்டச்சு செய்து பட்டியல் எடுத்து, அப்பாவின் பேரேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கம்ப்யூட்டரில் 37,912 தார். பேரேட்டில் 37,698. 214 தார் குறைகிறது. போதாததற்கு, பட்டியலில் இருக்கிற சில ஆட்களின் வரியே பேரேட்டில் இல்லை. வரிசையும் ஒத்துப்போகவில்லை. பட்டியல் அகர வரிசையில் இருந்தது; பேரேடு ஊர் வரிசையில். இரண்டையும் பக்கத்தில் வைத்து விரலால் தடவிப் பார்த்தவருக்கு ஒரு வரிகூடப் பொருந்தவில்லை. 'பார்த்துட்டுச் சொல்றோம், அதுவரைக்கும் வீட்ல இருங்க' என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா அந்தப் பட்டியலின் ஒரு படியை மடித்து டிபன் பையில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டார்.

திருடன் என்று யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அப்பா சண்டை போட்டிருப்பார். சொல்லாததால் திண்ணையில் உட்கார்ந்தார். மூன்று நாள் பேப்பர்கூடப் படிக்கவில்லை.

நான் அப்போது எம்.எஸ்ஸி. புள்ளியியல் முடிக்கிற நேரம். புராஜெக்டுக்காக ஸ்ப்ரே, எம்போலி என்று இந்தத் தொகுப்புகளோடுதான் மாரடித்துக்கொண்டிருந்தேன். அட்டவணைகளைப் பல்லுறுப்புக் கோவைகளாகப் பார்க்கிற ஒரு துறை உண்டு. பெர்சி டயகோனிஸும் பெர்ன்ட் ஸ்டர்ம்ஃபெல்ஸும் 1998இல் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு அது பெரிதாக வளர்ந்தது. அதைப் படித்தவளுக்கு அப்பாவின் நாள்வழி வேறு மாதிரித் தெரியாமல் இருக்காது. ஆள் எண், ரக எண், நாள் எண், இவை மூன்றும் அடுக்குகள். தார் எண்ணிக்கை கெழு. 17ஆவது ஆள், 3ஆவது ரகம், 12ஆம் தேதி, 40 தார் என்றால்

17 3 12 = 40

ஒரு மாதத்து நாள்வழி என்பது மூன்று மாறிகளில் ஒரு கோவை. அந்த மாதத்தில் 118 ஆட்கள், 7 ரகம், 31 நாள். பெட்டி முறையில் வைத்தால் 25,606 பெட்டி. அப்பா எழுதியிருந்தது 1,342 வரி. வராதவன் பெயரை அவர் ஏன் எழுதப் போகிறார்?

இதை எக்ஸெலிலேயே செய்திருக்கலாம் என்று நீங்கள் சொல்லலாம். செய்திருக்கலாம். ஆனால் கையில் இருந்த கத்தி இது. கோவையாக வைத்ததில் ஒரு சுகமும் இருந்தது. மாதக் கணக்கு வேண்டுமென்றால் நாளுக்குரிய மாறியில் 1 என்று பிரதியிட்டால் போதும். த எத்தனை அடுக்கில் இருந்தாலும் 1 ஆகிவிடும், நாள் மறைந்துவிடும், ஒத்த உறுப்புகள் தாமாகச் சேர்ந்துகொள்ளும். மூன்று மாறியிலும் 1 போட்டால் மொத்தத் தார். ஏழாம் வகுப்பில் ஒத்த உறுப்புகளைச் சேர்த்து எழுது என்று கணக்கு வருமே, பேரேடு ஏற்றுவது அதுதான். 26 வருஷமாக அப்பா செய்த வேலைக்கு அந்தப் பெயர் இருப்பது அவருக்குத் தெரியாது. (இரண்டு நாள்வழியைப் பெருக்கினால் என்ன வரும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வராது. உவமை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது.)

கடைப் பட்டியலை உட்கார்ந்து தட்டினேன். இரண்டு ராத்திரி. அப்பாவின் பேரேட்டுக் கார்பன் படியை ஒரு ராத்திரி. திருப்பு நோட்டில் 23 வரிதான், அதற்குக் கால் மணி நேரம். பிறகு, பட்டியலில் நாளை மறைத்து, அதிலிருந்து திருப்பு நோட்டைக் கழித்து, பேரேட்டையும் கழித்தேன். ஆரில் அது ஒரே வரி. என்டர் தட்டினேன். காலி என்று வந்தது. ஒரு வரிகூட மிச்சமில்லாத அணி.

214 தாரும் திரும்பிப் போன தார்தான். முதலாளி மகன் நாள்வழியை மட்டும் தட்டச்சு செய்தார், சின்ன நோட்டு அவர் கண்ணில் படவில்லை. அப்பா பேரேட்டில் போனதைக் கழித்துவிட்டுத்தான் ஏற்றுவார். பேரேட்டில் இல்லாமல் போன வரிகள் ஒன்பது. கொண்டுவந்ததை முழுக்கத் திருப்பி எடுத்துப் போனவர்களின் வரிகள். 40 வந்தது, 40 போனது, பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தைப் பேரேட்டில் ஏற்றுவானேன் என்று விட்டிருந்தார். ஸ்ப்ரேயும் அதையேதான் செய்கிறது. கெழு பூஜ்ஜியமானால் அந்த வரியைத் தூக்கி எறிந்துவிடும்.

எனக்கு விடை தெரிந்துவிட்டது. ஆனால் இது எனக்கு மட்டும் தெரிந்து என்ன ஆகப் போகிறது? திரையில் இருப்பது 17 3 = 120 என்று நூற்றுக்கணக்கான வரிகள். அப்பாவிடம் மடிக்கணினியைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதுல ஆளே இல்லையே தாயி."

எண்களுக்குப் பதிலாகப் பெயர்களை வைக்க வேண்டும். சொல்லும்போது சின்ன வேலை. என் மடிக்கணினியில் விண்டோஸ். அன்றைய ஆர், விண்டோஸில் யூனிகோடை முழுதாக ஏற்கவில்லை. தமிழ்ப் பெயரைத் திரையில் காட்டச் சொன்னால் 'க' என்று காட்டுவதற்குப் பதிலாகக் கோண அடைப்புக்குள் யூ+0பி95 என்று காட்டும். ஓர் ஆளின் பெயர் ஒரு முழு வரிக்கு இந்த மாதிரிக் குறியீடாக நீளும். உள்ளே பெயர் சரியாகத்தான் இருக்கிறது. காட்டத்தான் தெரியவில்லை. 2022 ஏப்ரலில் ஆர் 4.2 வந்த பிறகுதான் விண்டோஸில் இந்தத் தொல்லை தீர்ந்தது. 2019இல் எனக்கு இருந்த வழி, எல்லாவற்றையும் கோப்பில் எழுதி ப்ரௌசரில் திறந்து பார்ப்பது. அப்படித்தான் செய்தேன்.

ஆரில் ஒரு பொருளின் பெயரை மட்டும் தட்டி என்டர் அடித்தால், அது எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று பார்த்து, அந்த வகுப்புக்கென்று எழுதிய பிரின்ட் செயல்கூறை அழைக்கும். நாமே ஒரு வகுப்பு வைத்து, நாமே ஒரு பிரின்ட் எழுதலாம். உள்ளே இருப்பது மாறாது, வெளியே வருவது மட்டும் மாறும். அதனால் இதைச் சில்லறை வேலை என்று நினைக்கிறவர்கள் நிறைய. என் புராஜெக்டில் விடைகளைப் படிக்கிற மாதிரி அச்சிட நான் எழுதிய பகுதியைப் பார்த்துவிட்டு ஒருவர், "இதெல்லாம் அலங்காரம், கணக்கைக் காட்டு" என்றார். கணக்கைக் காட்டத்தானே அது?

அப்பாவுக்கான பிரின்ட் எழுத உட்கார்ந்தபோது முதல் கேள்வி வரிசை. எந்த ஆள் முதலில்?

கோவைக்கென்று இயல்பான வரிசை கிடையாது. ச + க என்றாலும் க + ச என்றாலும் ஒன்றுதான். உள்ளே ஸ்ப்ரே வைத்திருக்கிற சி பிளஸ் பிளஸ் கட்டமைப்பு வரிசைக்கு எந்த உத்தரவாதமும் தராது. இன்றைக்கு ஒரு வரிசையில் வரலாம், வேறொரு கணினியில் வேறு வரிசையில் வரலாம். இதற்காகவே ஹான்கின் டிசார்டர் என்று இன்னொரு தொகுப்பு எழுதினார், பின்னால். கோவையின் கெழுக்களை மட்டும் பிரித்துக் கேட்டால், எண்களைக் காட்டிவிட்டுக் கீழே அடைப்புக்குறிக்குள் 'ஏதோ ஒரு வரிசையில்' என்று எழுதும். அதில் மூன்றாவது எண் எது என்று கேட்டால் தராது, பிழை என்று சொல்லிவிடும். மூன்றாவது என்று ஒன்று கிடையாது என்பதுதான் அதன் வாதம். எனக்கு இந்தப் பிடிவாதம் பிடிக்கும். இதைப் பார்த்த பிறகு எம்விபியின் வக்கீல் பேச்சும் பிடித்துப்போனது. 'இதுதான் அது' என்று சொன்னால், நாளைக்கு வேறு வரிசையில் வரும்போது அது வேறு ஒன்று என்று ஒருவர் நினைத்துக்கொள்வார். சின்னமனூரில் நடந்தது அதுதான்.

பேய்லர் பல்கலைக்கழகத்தின் டேவிட் காலே எழுதிய எம்போலி வேறு மனநிலையில் எழுதப்பட்டது. 2013இல் வெளியான அவருடைய கட்டுரையைப் படித்தால் தெரியும். அது கோவையை நாம் நோட்டில் எழுதுகிற மாதிரியே காட்டும். எந்த வரிசை வேண்டும் என்று நம்மிடம் கேட்டுக்கொள்ளும். க³, கச⁵, ச²த என்று மூன்று உறுப்பு இருக்கிறது என்று வையுங்கள். அகராதி வரிசை என்றால் க-வின் அடுக்கு பெரிதாக இருப்பது முதலில் வரும்: க³, கச⁵, ச²த. மொத்தப் படியைப் பார்த்து அடுக்கு என்றால் கச⁵ முதலில் வரும், அதன் படி ஆறு. மாறிகளில் த-தான் மூத்தது என்று வைத்தால் ச²த தலைக்கு வந்துவிடும். மூன்றும் ஒரே கோவைதான். காட்டுவதற்கு மட்டும் என்றில்லாமல், கணக்கே வரிசையை நம்பி இருக்கிற இடமும் உண்டு. புரூனோ புக்பெர்கர் 1965இல் தன் ஆய்வேட்டில் கண்டுபிடித்த குரோப்னர் அடிப்படைகளில், வரிசையை மாற்றினால் விடையே வேறு உருவத்தில் வரும்.

அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். அதுவும் லேசில் படியவில்லை. யூனிகோடில் தமிழ் எழுத்துகள் நம் நெடுங்கணக்கின் வரிசையில் இல்லை. ந-வுக்கு அடுத்து ன, பிறகுதான் ப. ர-வுக்கு அடுத்து ற. ள, ழ, அப்புறம் வ. இயந்திரம் குறியீட்டு எண்ணைப் பார்த்து அடுக்கினால், நம் அகராதியில் கடைசியில் நிற்கிற ன நடுவில் வந்து உட்காரும். முதலாளி மகனின் பட்டியலிலும் பெயர்களின் நடு எழுத்துகளில் இந்தக் குளறுபடி இருந்தது. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

அப்பாவிடமே கேட்டேன். யோசிக்கவே இல்லை.

"ஊர் வாரியாப் போடு. ஆத்துக்கு மேல இருந்து கீழ வா."

முல்லைப்பெரியாறு வருகிற வழி. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், சீலையம்பட்டி, வீரபாண்டி. ஆற்றை விட்டு விலகிய ஊர்களுக்கும் அவரிடம் இடம் இருந்தது. எந்த ஊருக்குப் பின்னால் எது என்று சொல்லிக்கொண்டே வந்தார், நான் எழுதிக்கொண்டேன். ஊருக்குள் ஆட்கள் எப்படி என்றதற்கு, யாருக்கு வாய்க்காலில் முதலில் தண்ணீர் பாயுமோ அவர் முதலில் என்றார். எந்த மென்பொருளிலும் இல்லாத வரிசை. 118 பேருக்கும் மனப்பாடமாகச் சொன்னார். நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண் போட்டேன். மூன்று நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிறையப் பேசினார். யார் நிலம் யாரிடம் போனது, யார் வாழையை விட்டுத் திராட்சைக்குப் போனார், யாருக்கு எந்த வருஷம் காற்றில் ஆயிரம் மரம் சாய்ந்தது என்று ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை இருந்தது. அம்மா இரண்டு தடவை காபி கொண்டுவந்து வைத்தாள்.

தாள்களை எடுத்துக் கொடுத்தேன். எழுத்தைப் பெரிதாக வைத்ததில் பதினான்கு பக்கம். ஆள், ஊர், ரகம், வந்தது, போனது, நின்றது. முதல் பக்கத்திலிருந்து பேனாவை வைத்துத் தடவிக்கொண்டே வந்தவர் நான்காவது பக்கத்தில் நிறுத்தினார்.

"இவரு எங்க? அந்த மாசம் செவ்வாழை கொண்டாந்தார்ல?"

"வந்ததும் போனதும் சரியாப் போச்சுப்பா. பூஜ்ஜியம். நீங்களும் பேரேட்டுல ஏத்தலயே."

"பேரேடு மொதலாளிக்கு. அவருக்குக் காசுதான் வேணும். இது நான் செஞ்ச வேலைக்குக் கணக்கு. வந்த மனுசன வரலைன்னு சொல்லப்புடாது தாயி."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இயற்கணிதத்தில் அதற்கு இடமே இல்லை. 40 − 40 என்பதும் எப்போதும் வராத ஒன்றும் ஒன்றேதான். கோவைக்கு ஞாபகம் கிடையாது. கழித்து முடித்த பிறகு எது அடித்துப்போனது, எது இல்லவே இல்லை என்று அதனிடம் கேட்க முடியாது. பாஸ்கரர் 'யா 0' என்று எழுதியது பத்தி நேராக நிற்பதற்காக. அப்பா கேட்டது வேறு. எந்தப் பூஜ்ஜியத்தை எழுதுவது, எதை விடுவது என்கிற கேள்வி. 25,606 பெட்டியையும் காட்ட வேண்டாம், அதற்காக 1,342 வரியில் வந்து போனவர்களை மறைக்கவும் கூடாது.

பிரின்ட் செயல்கூறுக்குள் மட்டும் அதைச் செய்ய முடியவில்லை. பேரேட்டைப் பார்த்துக் காட்டினால் அந்த ஒன்பது வரி கிடைக்காது. அதனால் என் வகுப்பையே மாற்றினேன். ஒரு கோவைக்குப் பதில் இரண்டு, வந்தது ஒன்று, போனது ஒன்று, கழிக்காமல் பக்கத்தில் பக்கத்தில். காட்டும்போது இரண்டில் எதிலாவது வரி இருந்தால் அந்த ஆள் வருவார், வித்தியாசம் பூஜ்ஜியமானாலும். அந்த ஒன்பது வரியும் வந்துவிட்டன. நின்றது என்ற பத்தியில் 0 என்று அச்சாகியிருந்தது. மறுபடியும் பதினான்கு பக்கம், ரூபாய் கொஞ்சம் செலவு. ஜெராக்ஸ் கடைக்காரர் திருவிழாக் கடை போடுகிற அவசரத்தில் இருந்தார். கரண்ட் போவதற்குள் எடுத்துக்கோங்க என்றார்.

அப்பா கடைக்குப் போகவில்லை. தாள்களையும் திருப்பு நோட்டின் கார்பன் படியையும் ஒரு மஞ்சப் பையில் போட்டு, அந்த வழியாகப் போகிற வேன் டிரைவரிடம் கொடுத்துவிட்டார். பெரிய முதலாளி பார்த்திருக்கிறார். நான்கு நாள் கழித்துப் போன் வந்தது, அப்பா வெளியில் போய்ப் பேசினார். பாக்கிச் சம்பளம் கவரில் வந்து சேர்ந்தது. திரும்ப வரச் சொன்னார்களா என்று அம்மா கேட்டாள். சொன்னார்கள் என்றார். போகிறீர்களா என்று அவள் கேட்கவில்லை. அவரும் போகவில்லை. இப்போது ஊரில் இரண்டு மூன்று பேருக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறார், கார்பன் வைத்துத்தான்.

2022 மே மாதம் புது ஆரைப் போட்டுக்கொண்டு பழைய கோப்பை ஓட்டிப் பார்த்தேன். கோப்பு, ப்ரௌசர் என்று சுற்றாமல் நேராகத் திரையிலேயே பெயர்கள் தமிழில் வந்துவிட்டன. பத்திகள் நேராக நிற்கவில்லை. தமிழ் எழுத்துகள் ஒன்றுக்கொன்று அகலம் வேறு. 'க' ஓர் இடம், 'ணௌ' எத்தனை இடம் என்று ஆருக்குத் தெரியாது. எண்கள் வலது பக்கம் படிக்கட்டு மாதிரி உள்ளே வெளியே போய்க்கொண்டிருந்தன. அதைச் சரி செய்யலாம் என்று உட்கார்ந்திருந்தபோது அப்பா பின்னால் வந்து நின்றார். அவருக்குப் பத்தி கோணலாக நிற்பது ஒரு பொருட்டாகப் படவில்லை. வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். கூடலூர்க்காரர்கள் முடிந்து கம்பம் வந்தது. இவர் மகன் துபாயில் இருக்கிறான். இவர் நிலம் மனை போட்டாச்சு. இவர் போன வருஷம் கொரோனாவில் போய்விட்டார், நல்ல மனுசன். அந்தப் பெயருக்கு நேரே 0 என்று இருந்தது. அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அடுத்த பக்கம் போ தாயி" என்றார்.